சோத்தாங்கைப் பக்கம்

எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்தியவன் நான். கடைச் சீட்டுகளைத் தவிர எதையும் எழுதிப் பழக்கமில்லை. இதை எழுத உட்கார்ந்ததே அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்லாமல் வைத்திருக்கவும் முடியவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் தி.நகரில் ஒரு துணிக்கடையில் எனக்கு வேலை. ஞாயிறுகளில், அடையாற்றுக்கும் கிண்டிக்கும் நடுவில் இருந்த காட்டில் ஒரு ஒற்றையடிப் பாதையை மூன்று பேர் பராமரித்து வந்தோம். முள் வெட்டுவோம், மரங்களில் சுண்ணாம்புப் பட்டை அடிப்போம். யாரும் கேட்டுக்கொண்டதில்லை. தொடங்கியவர் ஓய்வுபெற்ற தபால்காரர். கண்ணில் புரை விழுந்து, தெருவில் பஸ்ஸும் சைக்கிளும் பயமாகிவிட்ட பிறகு, அவர் தனியாக நடக்க முடிந்த ஒரே இடம் அதுதான். வெள்ளை மட்டும் மங்கலாகத் தெரியும். கிட்டே போய்த் தடவிப் பார்த்துக்கொள்வார். மூன்றாமவர் ஆற்றோரக் குடிசையிலிருந்து வாளியோடு வரும் வெள்ளையடிப்பவர்.

நான் இடக்கையால் சாப்பிடுகிறவன். எவ்வளவு அடி வாங்கியும் மாறவில்லை. கடையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் சாப்பிடுவேன். அவர்களோடு நான் சேர்ந்த மூன்றாவது வாரம், பெருமழை ஓய்ந்த ஞாயிறு, காட்டில் பொட்டலத்தைப் பிரித்தபோது வெள்ளையடிப்பவர் பார்த்துவிட்டார்.

"இன்னா நைனா, பீச்சாங்கைல துன்னுகினு கீற? சோறு கோச்சுக்கப் போவுது!"

பொட்டலத்தை மூடினேன்.

"நீ சும்மா இருய்யா" என்றார் தபால்காரர். "துன்னு தம்பி. எந்தக் கைல துன்றியோ அதான் உனக்குச் சோத்தாங்கை."

என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

சாப்பிட்டதும் அவர்கள் இருவரும் முள் வெட்டப் போனார்கள். முன்னால், பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் பட்டை அடித்த பழைய மரம் மழையில் சாய்ந்திருந்தது. நான் அதைத் தாண்டிப் போனதில்லை. வலப்பக்கம் போனால் ரோடு, இடப்பக்கம் சுவர் இல்லாத பாழுங்கிணறு என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. இரண்டு பாதைகளையும் புல் மூடியிருந்தது.

"பிரியிற எடத்துல சோத்தாங்கைப் பக்க மரத்துல அடிச்சிட்டு வா" என்று தபால்காரர் குரல் கொடுத்தார்.

அது வலக்கை என்று எனக்குத் தெரியாதா? அந்தச் சொல்லைக் கேட்டால், நான் சாப்பிடும் கை எது என்று யோசித்து, மற்ற கையைத்தான் எடுத்துக்கொள்வேன். சிறு வயதிலிருந்தே அப்படித்தான். அன்று மாற்றிக்கொள்ளவில்லை. மனசு நிறைந்திருந்தது. இடப்பக்க மரத்தில், அவர் கண்ணுக்குத் தெரியட்டும் என்று இரண்டு பட்டையாக, அகலமாக அடித்தேன். வந்த வழியே வீடு திரும்பினோம்.

அடுத்த ஞாயிறு தபால்காரர் எங்களுக்கு முன்பே தனியாகப் போயிருந்தார். முனகலை முதலில் கேட்டவர் வெள்ளையடிப்பவர். கிணற்றில் தண்ணீர் குறைவு, கல் அதிகம். ஆள் சேர்த்துக் கயிறு கட்டித் தூக்கினோம்.

"வெள்ளை இருந்திச்சுப்பா" என்றார் தபால்காரர். "கை வெச்சிப் பாத்தேன். மரம் சாஞ்சதுல நான்தான் எடத்த மறந்துட்டேன்னு நெனச்சேன்."

ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

கேட்டவர்களிடம் வெள்ளையடிப்பவர், "கண்ணு தெரியாத மன்சன்" என்றார். என்னை ஒரு முறை பார்த்தார்.

மறுநாள் காலை பாதை பிரியும் இடத்துக்குப் போனேன். வெள்ளையடிப்பவர் தேங்காய் நாரால் இடப்பக்க மரத்துச் சுண்ணாம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வலப்பக்க மரத்தில் பட்டை அடித்து முடித்திருந்தார். நான் ஒன்பது மணிக்குக் கடைக்குப் போனேன்.