தட்டுக்கு ராஜாவைத் தெரியாது

நேற்று டீ ஆறுவதற்குள் போன் நடுங்கி, கடலுக்கடியில் நிலநடுக்கம், இத்தனை அளவு, இத்தனை ஆழம் என்று ஒப்பித்தது. டம்ளரில் டீ அசையக்கூட இல்லை. எனக்கென்னவோ சட்டென்று டீசல் வாடை அடித்தது. எங்கள் தீவில் கப்பல் வந்து நிற்கும் ஃபீனிக்ஸ் பே ஜெட்டி டீக்கடையின் வாடை அது. அந்த வாடை வந்தால் பின்னாலேயே முருகையா அண்ணாச்சியும் வந்துவிடுவார்.

எங்கள் பள்ளியில் அவர் வரலாறு, நான் அறிவியல். திருநெல்வேலிக்காரர். அவர் மனைவி கார் நிக்கோபாரில் நர்ஸ். சுனாமி கொண்டுபோயிற்று, உடல்கூடக் கிடைக்கவில்லை. அதன் பிறகு மனிதர் ஏனோ பழைய சீனாவைப் படிக்க ஆரம்பித்தார். வால்நட்சத்திரம், வெள்ளம், நிலநடுக்கம் என்று எதையும் விடாமல் குறித்து வைக்கவே அங்கே அரண்மனையில் ஆட்கள் இருந்தார்களாம். நிலம் ஆடினால் வானம் ராஜாவைக் கண்டிக்கிறது என்று அர்த்தமாம். குற்றம் என்னுடையது என்று ராஜா ஊரறியச் சொல்வதும் உண்டாம்.

நான் சும்மா இருப்பேனா? அறிவியல் வாத்தியாருக்குக் கொம்பு முளைத்திருந்த வயது. மேற்கே ராஜாவை ஒதுக்கிவிட்டுக் காரணத்தைத் தேடினார்கள், அதனால்தான் பூமித்தட்டுகள் நகர்வது தெரிந்தது, தட்டுக்கு ராஜாவைத் தெரியாது என்று கடையே திரும்பிப் பார்க்கும்படி முழங்கினேன்.

“சரிவே. ராசாவுக்கு அந்தத் தட்டைத் தெரிஞ்சிருக்கணும்லா?” என்றார் அண்ணாச்சி.

பிறகு ஒரு நிவாரணக் கூட்டம். பெரிய அதிகாரி ஒருவர் வரைபடம் மாட்டி என் பாடத்தையே இந்தியில் நடத்தினார். தட்டு நகர்ந்தது, இயற்கை, யார் என்ன செய்ய முடியும்? அண்ணாச்சி எழுந்து, எச்சரிக்கை ஏன் வரவில்லை, அதற்கு யார் மன்னிப்புக் கேட்பது என்றார். அதிகாரி வாட்சைப் பார்த்துவிட்டு, அடுத்த ஆளைப் பேசச் சொன்னார்.

அண்ணாச்சி மெயின்லேண்டுக்கு மாற்றல் வாங்கிக் கப்பலேறிய அன்று, மனது கேட்காமல் நானே சொன்னேன்: “மன்னிச்சிருங்க அண்ணாச்சி.”

தோளில் கைவைத்தார். “நீரு எதுக்குவே? ராசால்லா சொல்லணும்.”

டீக்கடையை இடித்தாயிற்று. அப்படி மல்லுக்கு நிற்க ஆளும் இல்லை. நிலம் ஆடினால் இப்போது போன் சொல்லிவிடுகிறது. அவர் கேட்டதை மட்டும் இன்றுவரை ஒருத்தரும் சொல்லவில்லை.