ஆதாரம் டீச்சர்

பத்தாம் வகுப்புக்குக் கட்டுரை சொல்லிக்கொடுக்கும் அந்த டீச்சருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் ஞாபகமில்லை. எல்லோருக்கும் அவர் ஆதாரம் டீச்சர்தான். யார் கட்டுரை வந்தாலும் ஓரத்தில் சிவப்பு மையால் ‘ஆதாரம்?’ என்று போட்டுவிடுவார். ‘மரம் நிழல் தரும்’ என்று எழுதினாலும் விடமாட்டார், எந்த மரம், யாருக்கு என்று கேட்பார். வீட்டிலும் அதே கதைதான். “காபி ஆறிப்போச்சுன்னு சொன்னாக்கூட இவகிட்ட சாட்சி கொண்டாந்து நிறுத்தணும்” என்று கணவர் வந்தவர் போனவரிடமெல்லாம் அலுத்துக்கொள்வார். டீச்சருக்கு அதில் உள்ளூரப் பெருமை.

அவர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. பிள்ளைகள் ‘இன்றைய நவீன உலகில்’ என்று ஆரம்பித்து ‘ஆகவே நாம் அனைவரும்’ என்று முடிப்பார்கள். நடுவில் இருப்பது முழுக்க ஈயடிச்சான் காப்பி. அதைத் திருத்தித் திருத்தி அவருக்கு வெறுத்துப்போயிருந்தது.

அந்த வருடம் ‘எங்கள் தெருவில் மாற வேண்டிய ஒன்று’ என்று தலைப்புக் கொடுத்தார். பாதிப் பேர் குப்பைத்தொட்டி, மீதிப் பேர் தெருவிளக்கு. வகுப்பில் வாயே திறக்காத தையல்காரியின் மகள் மட்டும் தெருமுனைக் கிடங்கைப் பற்றி எழுதியிருந்தாள். பெயின்ட் கிடங்கு என்று போர்டு தொங்குகிறதாம், வருவதென்னவோ வேறு நாற்றமாம், தெருவே இருமுகிறதாம், அதை இழுத்து மூட வேண்டுமாம். டீச்சர் வழக்கம்போல, ‘ஆதாரம்? கேள்விப்பட்டதை எழுதாதே, நேரில் பார்த்ததை எழுது’ என்று திருப்பிக் கொடுத்தார்.

அவள் மறுபடி எழுதி வந்ததைப் பார்த்து டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கிடங்கின் பின்புறச் சாக்கடையில் தண்ணீர் மஞ்சளாக ஓடுகிறது. நீல டிரம்களில் ஒட்டியிருந்த லேபிளையெல்லாம் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். லாரியிலிருந்து இறக்குகிறவர்கள் முகத்தில் ஈரத்துணி கட்டியிருக்கிறார்கள். இப்படி ஒரு கட்டுரை பார்த்து எவ்வளவு காலமாயிற்று! ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் உரக்க வாசித்துக் காட்டினார். கணக்கு வாத்தியார் மட்டும், “இந்தப் பொண்ணு எங்க நின்னு இதையெல்லாம் பாத்துச்சு டீச்சர்?” என்றார். டீச்சர் இருந்த குஷியில் அது காதில் ஏறவில்லை. ‘முடிவு சப்பென்று இருக்கிறது, இன்னும் வலு வேண்டும்’ என்று எழுதி அனுப்பினார்.

மூன்றாம் தடவை வந்த கட்டுரையின் முதல் பக்கம் முழுக்க ‘அருமை’ போட்டார். இரண்டாம் பக்கத்தில் பேனா நின்றது.

‘மதிலோரமாக நின்ற என்னைக் கிடங்கு மேனேஜர் பார்த்துவிட்டார். கோபப்படவில்லை. நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். நான் எழுதியதை வாங்கி முழுவதும் படித்தார். வீடு எங்கே, வீட்டில் யார் யார் என்று கேட்டார். அப்பா இல்லை, அம்மாவும் நானும்தான் என்றேன்.’

முத்து முத்தான எழுத்து, ஒரு பிழை இல்லை. டீச்சர் கேட்டது அத்தனையும் அதில் இருந்தது. விழுந்தடித்துக்கொண்டு வகுப்புக்குப் போய் அந்தப் பெண்ணை வெளியே கூப்பிட்டார்.

“அந்த ஆளு வேற என்ன கேட்டாரு?”

“ஓரத்துல செவப்பு மையில எழுதினது யாருன்னு கேட்டாரு டீச்சர். உங்களைப் பத்திச் சொன்னேன்.” அவள் முகமெல்லாம் பூரிப்பு. “முடிவு எழுத நானே உதவி பண்றேன்னாரு. சாயங்காலம் வா, உள்ள கூட்டிட்டுப் போய் எல்லாத்தையும் காட்டறேன்னாரு.”

“போகக் கூடாது. இதுக்கே முழு மார்க் போட்டாச்சு. இதோட விட்டுடு.”

“முடிவுல வலு இல்லேன்னீங்களே டீச்சர்?”

அத்தனை வருடம் பிடித்த சிவப்புப் பேனாவை டீச்சருக்கு அப்படியே ஜன்னல் வழியாக எறியலாம் போலிருந்தது. தையல்காரிக்குப் போன் போட்டார்.

“நானே கூப்பிடணும்னு இருந்தேன் டீச்சர்!” தையல்காரிக்குத் தலைகால் புரியவில்லை. “எம்பொண்ணு எழுத்தைப் பாராட்டறதுக்குன்னே கிடங்கு மேனேஜர் வீடு தேடி வந்திருக்காரு. பாப்பா எப்ப வருவான்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. கூட ரெண்டு பேரு வந்திருக்காங்க. உக்காருங்கன்னா உக்கார மாட்டேங்கறாங்க, கதவுகிட்டயே நிக்கறாங்க. இருங்க, உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசணுமாம், குடுக்கறேன்.”

“வேண்டாம்மா, நான் சொல்றதைக் கேளுங்க” என்று டீச்சர் பதறுவதற்குள் போன் கைமாறிவிட்டது. அவர் மறுகையால் பெண்ணின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“வணக்கம் டீச்சர்” என்றது ஒரு தன்மையான குரல். “பொண்ணை அனுப்பிட்டீங்களா? நாங்க அம்மாகூடத்தான் இருக்கோம்.”