கம்பளிக்குத் தீட்டு கிடையாது

கம்பளி என்றால் எல்லோருக்கும் குளிர்தான் ஞாபகம் வரும். பம்பாயில் குளிர் ஏது? மாட்டுங்காவில் மார்கழி மாதத்தில்கூட நாங்கள் விசிறிக்கொண்டுதான் படுத்தோம். இருந்தும் நான் ஒரு கறுப்புக் கம்பளி வாங்கினேன். யுத்த காலம், ஆடி மாதம், மழை பிடித்துக்கொண்டு பன்னிரண்டு நாளாகியிருந்தது.

நாங்கள் இருந்தது ஒரு சாலில், அதாவது வரிசையாக ஒண்டுக்குடித்தனங்கள் இருக்கிற கட்டடத்தில், இரண்டாவது மாடியில். ஒரு அறை, ஒரு சமையலறை. குளிக்கிற அறை நீளமான வராந்தாவின் கோடியில், எட்டுக் குடித்தனத்துக்கும் பொதுவாக ஒன்று. வராந்தாவுக்கு ஒரு பக்கம் வீடுகள், மறுபக்கம் வெறும் கம்பி. மழை வந்தால் சாரல் வாசற்படிவரை அடிக்கும்.

என் கணவருக்கு ஒரு அண்ணா உண்டு. செம்பூரில் ஓட்டு வீடு. மாமனார் திவசம் வருஷா வருஷம் அங்கேதான் நடக்கும். அந்த வருஷம் அவர்கள் சமையலறைக் கூரை ஒழுகி அடுப்புக்குள் தண்ணீர் நின்றது. அதனால் திவசத்தை எங்கள் வீட்டில் வைத்துக்கொள்வதென்று ஆயிற்று. ஆனால் அண்ணா ஒரு நிபந்தனை போட்டார்.

“அங்கே மடியா ஒரு திவசம் பண்ண முடியறதான்னு பாப்போம். முடியலேன்னா அது குடித்தனம் பண்ற எடமே இல்லை. காலி பண்ணிண்டு எங்களோட வந்துடுங்கோ. ஓடு மாத்தினதும் எல்லாரும் ஒண்ணா இருக்கலாம்.”

என் கணவர் அண்ணா சொல்லைத் தட்டியதே இல்லை. “ஆகட்டும் அண்ணா” என்று சொல்லிவிட்டு வந்து, ஏதோ நல்ல சேதி மாதிரி என்னிடம் சொன்னார்.

செம்பூர் அப்போது இப்போது மாதிரி இல்லை. ஸ்டேஷனை விட்டு இறங்கினால் புல்லும் சேறும்தான். ஒரு தடவை போயிருந்தபோது கக்கூஸ் வாசலில் பாம்புச் சட்டை கிடந்தது. மன்னி அதை விளக்குமாற்றால் தள்ளிவிட்டு, “சட்டையைக் கழட்டிட்டுப் போயிடுத்து, இனிமே வராது” என்றாள். சட்டை இல்லாத பாம்பு எங்கே போகும் என்று நான் வீடு திரும்பும்வரை யோசித்தேன். மன்னி என்பது அண்ணாவின் மனைவி. பாம்பா மன்னியா என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. காலை நாலு மணிக்கு எழுந்து, எழாதவர்களைப் பற்றி நாலரை மணிக்குப் பேச ஆரம்பிப்பாள்.

இந்த மாட்டுங்கா அறை போகாமல் இருக்க வேண்டுமென்றால், நான் மடியாகச் சமைக்க வேண்டும். குளித்துவிட்டு, யார் கையும் படாமல் உலர்த்திய புடவையைக் கட்டிக்கொண்டு, சமையல் முடிகிறவரை யார் மேலும் படாமல் இருக்க வேண்டும். அதற்குப் பெயர்தான் மடி. புடவைக்கு வழி செய்துவிட்டேன். சமையலறைக் கொடியில் குமுட்டி அடுப்புக்கு மேலே இரண்டு நாள் தொங்கவிட்டதில் ஒரு மாதிரி உலர்ந்துவிட்டது. கொஞ்சம் புகை வாசனை, போகட்டும். ஆனால் குளித்துவிட்டுச் சமையலறைக்கு வருகிற அந்த வராந்தாவை என்ன செய்வது? மழை நாளில் எட்டு வீட்டுக் குழந்தைகளும் அங்கேதான் விளையாடும். சொட்டுகிற குடைகளையெல்லாம் அங்கேதான் விரித்து வைப்பார்கள். ஒரு குழந்தை ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டால் போதும், போயிற்று மடி. மறுபடி குளிக்கலாம் என்றால் ஒன்பது மணிக்குக் குழாயில் தண்ணீர் நின்றுவிடும்.

இரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் என் கணவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “கம்பளிக்குத் தீட்டு கிடையாதே” என்றார்.

எங்கள் வீடுகளில் அது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பருத்தியை யார் தொட்டாலும் மடி போய்விடும். கம்பளியை யார் வேண்டுமானாலும் தொடலாம், உள்ளே இருப்பதற்கு ஒன்றும் ஆகாது. ஏன் என்று கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். ஐந்தாவதோடு என் படிப்பை நிறுத்திவிட்டார்கள். அந்தக் காரணம் ஆறாவதில் சொல்லிக் கொடுப்பார்களோ என்னவோ.

கம்பளி வாங்கத் தாராவிக்கு நடந்தே போனோம். தோல் பதனிடுகிற இடத்தைத் தாண்டும்போது நான் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டேன். மூடியதும் ஒரு கவலை வந்தது. கம்பளி விற்றவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவரிடம், “இது உயிரோட இருக்கற ஆட்டு ரோமமா, இல்லை பதனிடற தோல்லேர்ந்து எடுத்ததா?” என்று கேட்டேன். செத்த ஆடு என்றால் அந்தக் கம்பளியே தீட்டாயிற்றே.

அவர் என்னையும் என் கணவரையும் மாறி மாறிப் பார்த்தார். “உசுரோட இருக்குத ஆடுதான் தாயி. நான் பாக்கும்போது நல்லாத்தான் மேஞ்சிக்கிட்டு நின்னுச்சு.”

“எத்தனை ஆடு?”

“ஒரு கம்பளிக்குப் பத்துப் பதினஞ்சு ஆடு வரும்லா.”

“எல்லாத்தையும் பாத்தேளா?”

“சாமி,” என்று அவர் என் கணவர் பக்கம் திரும்பினார். “அம்மாவ ஒரு நா கூட்டிட்டு வாங்க. அத்தன ஆட்டையும் வரிசையா நிக்க வச்சு, பேரச் சொல்லிக் கூப்புட்டுக் காட்டுதேன்.”

என் கணவர் என் கையில் கம்பளியைத் திணித்து, “நட” என்றார்.

திவசத்துக்கு ஐந்து நாள் இருந்தது. அதற்குள் அந்தக் கம்பளி என்னென்ன வேலையெல்லாம் செய்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். விளக்கு வெளிச்சம் தெரியக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு. ஜன்னலில் மாட்டினால் ஒரு பொட்டு வெளிச்சம் வெளியே போகவில்லை. கரி கிடைக்காத காலம். சாதத்தைப் பாதி வேக்காட்டில் இறக்கிப் பானையைக் கம்பளியால் சுற்றி வைத்தால், மீதி தானே வெந்தது. சோறு பட்டதெல்லாம் பத்து, அதுவும் ஒரு மாதிரித் தீட்டுதான்; சோற்றுப் பானையைச் சுற்றினது பத்தாயிற்றே என்று பயந்தேன். என் கணவர், “கம்பளிக்குப் பத்தும் கிடையாது” என்றார். குமுட்டியிலிருந்து பொறி தெறித்து அதன் மேல் விழுந்தது. நான் கத்துவதற்குள் பொறி தானே அணைந்துவிட்டது. பூச்சி அரிக்குமோ என்று மட்டும் தினம் இரண்டு தடவை உதறிப் பார்ப்பேன். உதறும்போதெல்லாம் என் கணவர் தும்முவார்.

திவசத்தன்று காலை புடவையைக் குச்சியால் தள்ளிக் கம்பளி மேல் விழவைத்து, கை படாமல் மூட்டையாகச் சுருட்டிக் குளிக்கிற அறைக்கு எடுத்துப் போனேன். தண்ணீர் நிற்பதற்குக் கொஞ்சம் முன்னால் குளித்து முடித்தேன். அங்கேயே உலர்ந்த புடவையைக் கட்டிக்கொண்டு, கம்பளியைத் தலையிலிருந்து முழங்கால்வரை போர்த்திக்கொண்டேன். பார்ப்பதற்கு ஒரு சின்ன இடுக்கு மட்டும் விட்டுக் கிளம்பினேன். மழைக்காலத்தில் பம்பாயில் மூட்டை தூக்குகிறவர்கள் இப்படித்தான் போர்த்திக்கொண்டு போவார்கள்.

இரண்டு குழந்தைகள் வந்து மோதின. ஒன்றும் ஆகவில்லை. சாரல் அடித்தது, அதற்கும் ஒன்றும் ஆகவில்லை. கல்யாணமான நாலு வருஷத்தில் அந்த வராந்தாவில் நான் பயமில்லாமல் நடந்தது அன்றைக்குத்தான். எங்கள் வாசலுக்கு இரண்டு அடி இருக்கும்போது பின்னால் ஒரு குரல், யாரது, எங்கே போகிறாய் என்று இந்துஸ்தானியில் அதட்டியது.

“ஏ, கோன் ஹை? கிதர் ஜாதா ஹை?”

அண்ணா. செம்பூரிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார்.

நான் அவரிடம் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. புருஷனின் அண்ணாவிடம் நேரே பேசுகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அவர் வந்தால் நான் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். இப்போது கதவு இரண்டு அடி தள்ளி இருந்தது. பேசாமல் வேகமாக நடந்தேன். யாரோ கூலி தம்பி வீட்டுச் சமையலறைக்குள் நழுவப் பார்க்கிறான் என்று நினைத்து, அவர் கம்பளியின் நுனியைப் பிடித்துவிட்டார்.

நான் இழுத்தேன். அவரும் இழுத்தார். பெண்பிள்ளை என்று தெரியட்டுமே என்று உள்ளேயிருந்து கையை ஆட்டி வளையலைக் குலுக்கினேன்.

“டேய், சீக்கிரம் வாடா,” என்று அண்ணா உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். “வளையலைத் திருடிண்டு போறான்.”

என் கணவர் பூணூலைச் சரிசெய்துகொண்டே ஓடி வந்தார். “அண்ணா, விடுங்கோ. அது திருடன் இல்லை. ஆத்துக்காரி.”

“யார் ஆத்துக்காரி?”

“என் ஆத்துக்காரிதான்.”

அண்ணா சூடு பட்ட மாதிரி கையை விட்டார். அதற்குள் மன்னி மூச்சு வாங்க மாடி ஏறி வந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள்.

“போச்சு,” என்றாள். “ரயில்ல ஊரையெல்லாம் இடிச்சுண்டு வந்த கை. மடி போச்சு. மறுபடி குளிக்கச் சொல்லுங்கோ.”

குழாயில் தண்ணீர் நின்றுபோயிருந்தது. சமையலறையில் இரண்டு குடம் இருந்தது, அது சமைக்க. எனக்குக் கம்பளிக்குள்ளேயே செம்பூர் தெரிந்தது. புல், சேறு, சட்டை இல்லாத பாம்பு.

“கம்பளிக்குத் தீட்டு கிடையாதே மன்னி,” என்றார் என் கணவர்.

“அது காஞ்ச கம்பளிக்கு. நனைஞ்சா அதுவும் துணிதான். பாருங்கோ, சொட்டறது.”

அந்த நேரம் திவசம் பண்ணி வைக்கிற வாத்தியார் குடையை மடக்கிக்கொண்டு வந்தார். அவருக்கு அடுத்த தெருவில் இன்னொரு திவசம் இருந்தது. நின்றபடியே விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, “வெளியிலே நனைஞ்சா பாதகமில்லை. உள்பக்கம் நனைஞ்சிருக்கா, அதான் கேள்வி” என்றார்.

உள்பக்கத்தைத் தொட்டுப் பார்க்க யாராலும் முடியாது. தொட்டால் நான் மடி இல்லை. ஆகவே சாட்சி நான்தான்.

“உலர்ந்திருக்குன்னு சொல்லுங்கோ,” என்று என் கணவரிடம் சொன்னேன்.

“உலர்ந்திருக்காம்,” என்றார் அவர், ஒரு முழம் தள்ளி நின்ற அண்ணாவிடம்.

“எப்படித் தெரியும்னு கேளு.”

“எப்படித் தெரியும்?”

“நான்தானே உள்ளே இருக்கேன்.”

“அவதானே உள்ளே இருக்காளாம்.”

“பயந்துண்டு எதை வேணா சொல்லுவா,” என்றாள் மன்னி.

வாத்தியார் மணி என்ன என்று கேட்டார். பிறகு ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, என் தோள் மேல் தாராளமாக ஊற்றினார். தண்ணீர் சேப்பங்கிழங்கு இலையில் விழுந்த மாதிரி உருண்டு உருண்டு தரையில் போய் விழுந்தது. ஒரு சொட்டுக்கூட உள்ளே வரவில்லை. புதுக் கம்பளியில் ஆட்டின் எண்ணெய்ப்பிசுக்கு போகாமல் இருக்கும், அதனால் தண்ணீர் ஒட்டாது என்று வாத்தியார் சொன்னார். இறங்கியதா என்று கேட்டார்கள். இல்லை என்று சொன்னேன். இல்லை என்று என் கணவர் சொன்னார்.

அண்ணா சொம்பை வாங்கி, அவரே ஒன்று ஊற்றிப் பார்த்தார். குனிந்து, உருண்டு ஓடுகிற தண்ணீரைப் பார்த்தார். “பேஷ்” என்றார். இன்னொரு சொம்பு கேட்டார். பிறகு முதுகுப் பக்கம். பிறகு மன்னியைப் பிடித்து இழுத்து, “இங்கே பாரேன், நம்ம கூரை இப்படி இருந்திருக்கணும்” என்றார். குடத்தில் பாதி காலியாகிவிட்டது. பருப்பு வேகவைக்கத் தண்ணீர் இருக்குமா என்று எனக்குக் கவலை.

“போதும்னு சொல்லுங்கோ,” என்றேன்.

“போதுமாம் அண்ணா.”

“தீட்டு இல்லை, போய் அடுப்பை மூட்டச் சொல்லுங்கோ,” என்றார் வாத்தியார்.

மன்னி நகர்ந்து எனக்கு வழி விட்டாள். அதுதான் எனக்கு நம்பமுடியாமல் இருந்தது. சமையலறைக்குள் போய்க் கம்பளியைக் கழற்றினபோது கழுத்தெல்லாம் சிவந்து தடித்திருந்தது. ஒரு கையால் பாகற்காய் நறுக்கி, மறு கையால் சொறிந்துகொண்டே பதினோரு மணிக்குள் எல்லாவற்றையும் இறக்கிவிட்டேன். பாயசத்தில் சர்க்கரை போட்டேனா என்று சந்தேகம். ருசி பார்க்கவும் கூடாது. சாப்பிட வந்த பிராமணர்கள் மறுபடி கேட்டு வாங்கினார்கள். போட்டிருக்கிறேன்.

எல்லாம் முடிந்து கை அலம்பிக்கொண்டு அண்ணா என் கணவரிடம், “எடம் சின்னதுதான். ஆனா நடந்துடுத்து. இங்கேயே இருங்கோ” என்றார். கதவுக்குப் பின்னால் நின்று எனக்கு நன்றாகவே கேட்டது. என் கணவர் உள்ளே வந்து அதையே மறுபடி சொன்னார். அவர் மறந்துபோய்விடக் கூடாதே என்று நான் இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

புறப்படும்போது மன்னி மூலையில் கிடந்த கம்பளியைத் தொட்டுப் பார்த்தாள். “அங்கே அடுப்புக்கு மேலே கட்டினா ஒழுகாது,” என்றாள். கேட்கிற மாதிரியும் இல்லை, சொல்கிற மாதிரியும் இல்லை. நான் மடித்து அவள் கையில் கொடுத்துவிட்டேன். எந்தக் காலத்திலும் நான் ஒரு பொருளை அவ்வளவு சந்தோஷமாகக் கொடுத்ததில்லை.

மழை விடவில்லை. கீழே தெருவில் அண்ணாவும் மன்னியும் அந்த ஒரே கம்பளியைத் தலைமேல் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார்கள். ஆளுக்கு ஒரு நுனி. அவர்கள் அப்படிச் சேர்ந்து நடந்து நான் பார்த்ததே இல்லை. அண்ணா நடுநடுவில் நின்று மேலே அண்ணாந்து, தண்ணீர் உருளுகிறதா என்று பார்த்தார். ஒவ்வொரு தடவை அவர் நிற்கும்போதும், மனசு மாறித் திரும்பி வந்துவிடுவாரோ என்று கம்பியைப் பிடித்துக்கொண்டேன். மூலை திரும்பி மறைந்த பிறகும் நான் உடனே உள்ளே போய்விடவில்லை.