சுத்தமான கண்ணாடி

கீலுங் துறைமுகத்துக்குப் பின்னால், மழை ஓயாத அந்த மேட்டுத் தெருவில் பீயுனின் காலை உணவுக் கடையைத் தெரியாதவர் கிடையாது. முட்டை ரொட்டி, சோயாப் பால், கூடவே வசவு. "பாலை வெச்சுக்கிட்டு போனையே நோண்டுறியே, ஆறிப்போனா மறுபடி சுட வைக்க நான் என்ன உன் பொண்டாட்டியா?" என்று டாக்சிக்காரன் லியாவோவை அதட்டுவாள். அவனும் இளித்துக்கொண்டே குடிப்பான். கல்யாணமான நாளிலிருந்து அடுப்பு முன்னால் நின்றவள். பிள்ளைகள் தைபேயோடு சரி. இந்த வயதில் அவள் தனக்கென்று ஆசைப்பட்டது இரண்டே இரண்டு மீன்களைத்தான்.

அவையும் அவள் தேடிப் போய் வாங்கியவை அல்ல. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற அவள் கணவர் தியென்ஷெங் கொண்டுவந்தவை. ஓய்வு பெற்ற ஆண்கள் சீட்டாடுவார்கள், மலையேறுவார்கள். இந்த மனிதர் கடலையே பெயர்த்து வீட்டுக்குள் வைத்தார். பாதிக் கூடத்தை அடைத்துக்கொண்டு ஒரு கண்ணாடித் தொட்டி. கல் பவளம், மெத்துப் பவளம், ஓயாமல் ஓடும் நீல மீன்கள், எல்லாம் கலந்துகட்டி. தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷின் மக்கர் பண்ணாமல் ஓட வேண்டுமே, அதன் தலையில் மெஷினுக்குப் படையல் வைக்கும் அந்த ஊர் வழக்கப்படி ஒரு பச்சைத் தின்பண்டப் பொட்டலம். தேதி முடிவதற்குள் மறக்காமல் புதுசு மாற்றுவார். பீயுனின் பிறந்தநாள்தான் மறந்துபோகும்.

ஒரு நாள் வளர்ப்பு மீன்கடை ஆபின் அவரிடம் ஒரு ஜோடி குழல்மீனைத் தந்தான். "அண்ணே, இதுங்க மகா நிதானம். தீனி போட்டா, தின்னலாமா வேணாமான்னு இதுங்க யோசிக்கறதுக்குள்ள மத்ததுங்க முழுங்கிடும். கண்ணாடியில ஊர்ற தெள்ளுப்பூச்சிதான் இதுங்களுக்குச் சோறு. அது இருக்கற வரைக்கும்தான் இதுங்க உசுரு."

விரல் நீளம், பேனா ரீஃபில் பருமன், உடம்பெல்லாம் வரி, வால் நுனியில் ஒரு சிவப்பு விசிறி. காலையில் வெளிச்சம் பட்டதும் இரண்டும் ஒரு மூலைக்கு வந்து, பக்கத்துப் பக்கத்தில் நின்று, எழுந்து தாழ்ந்து தலையாட்டும். அப்புறம் அதனதன் வேலையைப் பார்க்கப் போய்விடும். ஒரு நாள் தவறாது.

பீயுன் இதை முதன்முதலில் பார்த்தபோது கையிலிருந்த குடையைக் கீழே வைத்துவிட்டாள். "ராத்திரி பூரா பக்கத்துலயே கெடந்துட்டு, காலைல புதுசா பாக்கற மாதிரி குசலம் விசாரிக்குதுங்க பாருங்க. நீங்க என்னைக்காவது என்னைப் பாத்துத் தலையாட்டியிருக்கீங்களா?"

மறுநாள், அவள் கடைக்குக் கிளம்பும் முன்பே தொட்டியின் நீல விளக்கு தானாக எரியும்படி தியென்ஷெங் செய்து வைத்திருந்தார். அந்த மனிதருக்குத் தெரிந்த பாசம் அவ்வளவுதான். அன்று முதல் கடை தாமதமாகத்தான் திறந்தது. தொட்டியில் தான் உட்கார்ந்து பார்க்கும் பக்கத்துக் கண்ணாடியை அவள் துடைக்கவும் விடுவதில்லை. அதில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெள்ளு ஊர்ந்துகொண்டிருக்கும்.

அப்புறம்தான் அவருடைய கல் பவளத்தில் சிவப்பு உண்ணி பிடித்தது. பவளம் வெளுக்க வெளுக்க மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. நாய்க்குக் கொடுக்கும் புழு மாத்திரை போட்டால் உண்ணி சாகும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். இல்லாத நாய்க்கு லாய்ஃபூ என்று பெயர் வைத்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் போனார். நாய் எவ்வளவு எடை என்று அவர் கேட்க, "நானூறு லிட்டர்" என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டதாம். எப்படியோ வாங்கிவந்து, பீயுன் கடையில் இருந்த நேரத்தில் பொடித்துத் தொட்டியில் கரைத்தார். உண்ணியும் தெள்ளும் ஒரே இனம், ஒன்றைக் கொல்வது மற்றதையும் கொல்லும் என்பதை அவர் யோசிக்கவே இல்லை.

மறுநாள் காலை பீயுன் தேநீரோடு வந்து உட்கார்ந்தாள்.

"என் பக்கத்தை ஏன் தொடைச்சீங்க?"

"நான் தொடைக்கலையே."

"பின்ன ஏன் இவ்ளோ சுத்தமா இருக்கு?"

அவர் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். பார்த்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஐயோ, அந்த முகத்தைப் பார்த்த பிறகு அவள் ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

தண்ணீரை மாற்றிப் பார்த்தார். ஆபின் எங்கிருந்தோ வரவழைத்துத் தந்த ஒரு புட்டித் தெள்ளை ஊற்றினார்; விடிந்தபோது அவை தூசியாக அடியில் கிடந்தன. "மருந்து கல்லுக்குள்ள ஊறிடுச்சுண்ணே" என்றான் ஆபின். "எங்கிட்ட கொண்டாந்தாலும் இதே பட்டினிதான். கடைத் தொட்டியில தெள்ளு ஏது? புட்டியில வர்றது ஒரு வேளைக்குக்கூட காணாது." சமையலறையில் இறால் முட்டைகளைக் குஞ்சு பொரிக்கவிட்டு, குழல்மீன்களை மட்டும் வலை வைத்துத் தடுத்து அந்த உயிர்க் குஞ்சுகளை ஊட்டினார். அவை ஒரு கண்ணால் பார்த்தன, மறு கண்ணால் பார்த்தன, திரும்பிக்கொண்டன.

பீயுன் ஒரே ஒரு தடவைதான் வெடித்தாள். "மெஷினுக்குக்கூட பொட்டலம் பொட்டலமா தீனி வெக்கத் தெரியுது உங்களுக்கு!"

பவளம் மட்டும் என்றுமில்லாத நிறத்தில் பூத்து நின்றது. கடல் தொட்டி வளர்ப்பவர்கள் சங்கத்து ஆட்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு, "குருவே, என்ன கலரு! எங்களுக்கும் ரகசியத்தைச் சொல்லுங்க" என்று முதுகில் தட்டினார்கள். அவர் மெஷின் தலையில் இருந்த பொட்டலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பெண்மீன்தான் முதலில் போனது. பீயுன் அதை வெங்காயத்தாள் நட்ட மண்தொட்டியில் புதைத்தாள். மறுநாள் விளக்கு எரிந்ததும், வயிறு ஒட்டிப்போன ஆண்மீன் அதே மூலைக்கு வந்தது. எழுந்தது, தாழ்ந்தது, தலையாட்டியது. அப்புறம் அங்கேயே நின்றது. பீயுனும் நின்றாள். தேநீர் ஆறிப்போயிற்று.

"இந்த வெளக்க இனிமே இவ்ளோ சீக்கிரம் எரிய விடாதீங்க" என்றாள் கடைசியில். "இன்னும் கொஞ்ச நேரம் தூங்கட்டும். எழுந்து யாரைப் பாக்கப் போவுது?"

அவர் எழுந்துபோய் விளக்கை அணைத்தார். இருட்டில், அவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். அவள் குடையைத் தேடிக்கொண்டிருந்தாள், பார்க்கவில்லை.

அன்று கடை நேரத்துக்குத் திறந்தது. "என்னக்கா அதிசயம், உங்க மீன் இன்னிக்கு லீவா?" என்று சிரித்தான் லியாவோ. பால் அவன் முன்னால் ஆறிக்கொண்டிருந்தது. பீயுன் அவனைத் திட்டவில்லை.