இடி முழக்கத்தில் ஒரு வேகப் பரீட்சை

யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவான வேலணையில் எங்கள் வீட்டில் அம்மாவும் நானும்தான். கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே கணினி நிரல் எழுதுகிறேன். இந்த வேலை போனால் கொழும்புக்குப் போய்த்தான் வேறு தேட வேண்டும். இருதய வருத்தக்கார அம்மா இங்கே தனியே கிடக்க வேண்டும். அந்தப் பயம் எனக்கு எப்போதும் உண்டு.

லொறிகள் எந்த வழியால் போனால் நேரம் மிச்சம் என்று கணக்கிடும் எங்கள் நிரல் ஜாவா மொழியில் இருந்தது. ரஸ்ட் மொழியில் எழுதினால் பாதி நேரத்தில் முடியும் என்று சொன்னவள் நான்தான். வாய் சும்மா இருந்தால்தானே! "அப்ப எல்லாருக்கும் முன்னாலை ரெண்டையும் ஓட்டிக் காட்டும்" என்றார் மனேஜர். அவரும் யாழ்ப்பாணத்தவர், சிரித்துக்கொண்டே ஆளை மடக்கக்கூடியவர்.

அன்று பின்னேரம் சாட்டிக் கடற்கரைப் பக்கம் வானம் கறுத்திருந்தது. போன் இணைப்பில் ஒன்லைன் கூட்டத்துக்குள் போய் முதலில் ஜாவாவை ஓட்டினேன். பிறகு, தூரத்தில் இடி முழங்க முழங்க, ரஸ்ட். முடிவைப் பார்த்தேன். ரஸ்டும் ஏறக்குறைய அதே நேரம்தான் எடுத்திருந்தது.

"என்ன தங்கச்சி, ரெண்டும் ஒண்டுதானே?" என்றார் மனேஜர்.

திரும்பிப் பார்த்தேன். என் லப்டொப்பின் பிளக்கைக் கையில் பிடித்தபடி அம்மா சுவரோரம் நின்றார். இடி முழங்கினால் எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் கேட்பதில்லை; மின்னல் வயர் வழியே வந்துவிடும் என்ற பயத்தில் வீட்டிலுள்ள பிளக் எல்லாம் கழன்றுவிடும். என்னுடைய பழைய லப்டொப்போ பற்றரிக்கு மாறியதும் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஜாவா மின்சாரத்தில் ஓடியது; ரஸ்ட், பாவம், பற்றரியில்.

மைக்கைப் பொத்திக்கொண்டு, "அம்மா, திருப்பிப் போடுங்கோ!" என்று கெஞ்சினேன்.

"ஏலாது. வேலையும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். எனக்கு நீ வேணும்." அம்மா பிளக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

மின்னலில் ஜன்னல் வெளுத்தது. பிளக்கைப் பறிக்க எனக்கும் துணிவு வரவில்லை. மனேஜரிடம் நடந்ததைச் சொல்லி, ஜாவாவையும் பற்றரியிலேயே மறுபடி ஓட்டினேன். அது ஊர்ந்தது. பற்றரி சிவப்புக்கு வந்துவிட்டது. முடிவதற்குள் திரை அணைந்தால் நான் தொலைந்தேன் என்று தெரிந்த தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டேன். ஒருவாறு முடிந்தது. ரஸ்ட் எடுத்ததைப் போல இரண்டு மடங்கு நேரம்.

"கெட்டிக்காரி!" என்றார் மனேஜர். மனதாரத்தான் சொன்னார். "இனி முழுசையும் நீர்தான் ரஸ்டிலை எழுதோணும். ஆனா உங்கடை ஊர்க் கரண்டை நம்ப ஏலாது. வாற மாசம் தொடக்கம் கொழும்பு ஒபிசுக்கு வாரும்."

நான் வாயைத் திறப்பதற்குள் திரை அணைந்தது.

"என்னவாம் பிள்ளை?" என்று அம்மா கேட்டார்.

"நான் சொன்னது சரியாம்."

"பாத்தியே, நான் கழட்டினதாலை ஒண்டும் கெட்டுப்போகேல்லை" என்று சொல்லிவிட்டு, நிம்மதியாகத் தேத்தண்ணி வைக்கக் குசினிக்குப் போனார்.