பொட்டு வைத்த மூட்டுகள்

2023 ஜூன் 11, ஞாயிறு, காலை ஏழேகால், இலங்கை மலையகத்துக் கொட்டகலையில் சாரல். எங்கள் தேயிலைத் தோட்டக் கோயில் மண்டபத்துக் கூரையில், இரும்புக் குழாய்கள் சேரும் மூட்டுகள் ஆறு வெடித்திருந்தன. அவற்றுக்குத் தகடு வைத்துப் பற்றவைக்க வந்த வெல்டிங் பாஸ் (மேஸ்திரியை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) வேலையை முடித்து இறங்கினார். குட்டை மனிதர், கழுத்தில் உருத்திராட்சம். முடித்த மூட்டுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைப்பது அவர் வழக்கம். ஆறுக்கும் வைத்திருந்தார்.

ஓய்வுபெற்ற வாத்தியாரான நான், பற்றவைப்பைப் பார்க்க ஏணியில் ஏறி ஒரு பொட்டைச் சுரண்டினேன்.

"சேர், சாமி பொட்டுங்க அது! கை வைக்காதீங்க!" என்று கத்தினார் பாஸ்.

"படிச்சவங்களுக்கு எதுலதான் நம்பிக்கை?" என்று கீழே நின்ற கோயில் தலைவர் சிரித்தார்.

பொட்டுக்கு அடியில் என் நகம் உள்ளே இறங்கியது. பற்றவைப்பு இரண்டே புள்ளி. மிச்சமெல்லாம் பட்டி அப்பி, சில்வர் பெயின்ட் பூசியது. மற்றவற்றையும் சுரண்டிப் பார்த்தேன். ஆறும் அப்படியே.

"இதுக்குக் கீழதானே பாஸ், ஒன்பது மணிக்குப் பிள்ளைங்க பஜனைக்கு உட்காரும்?"

"அதுக்குத்தானே சேர் பொட்டு வச்சிருக்கேன்" என்று கண்மூடிக் கும்பிட்டார்.

அந்தக் கும்பிடு நடிப்பில்லை. அதுதான் இன்றுவரை விளங்கவில்லை.

பிள்ளைகளை வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். தலைவர் கையை விரித்துவிட்டதால், ஹட்டனிலிருந்து வேறொருவரை அழைத்து, என் பென்ஷனில் ஆறையும் ஒழுங்காகப் பற்றவைக்கச் செய்தேன். நாற்பத்தெட்டாயிரத்து அறுநூறு ரூபாய்.