மாமாவின் கிரீன் டீயில் பால்

கிரீன் டீயில் பால் ஊற்றலாமா கூடாதா என்று கேட்டால் கேட்டவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். எங்கள் வீட்டில் அது சிரிக்கிற விஷயமாக இல்லை. என் மாமனார் ஆறு வருடமாகக் காலையிலும் மாலையிலும், கெட்டிப் பால் விட்டு, இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு, கிரீன் டீ குடித்துவந்தார். அந்தக் கண்றாவியைப் போட்டுக் கொடுத்த புண்ணியவதி நான்தான்.

மாமா லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தோரு வருட சர்வீஸ். ஆள் ஒல்லி, குரல் அதைவிட ஒல்லி, ஆனால் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார். கூட வேலை பார்த்தவர்கள் அவருக்குப் ‘பூட்டு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்டைத் தூக்கும் கம்பிக் கயிறு இழை இழையாக விட்டுப்போயிருந்தது. மாமா மொட்டைமாடி மோட்டார் அறைக்குப் போய், மெயின் சுவிட்சை இறக்கி, அதன் பெட்டிக்குப் பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“இன்னும் ஒரு மாசம் ஓடட்டுமே, ஒண்ணும் ஆகாது” என்று கட்டடத்துச் செயலாளர் கத்தியிருக்கிறார்.

“சரி, நீங்க ஏறி எறங்கிட்டு இருங்க. நான் கீழ நின்னு பாக்கறேன்” என்றாராம் மாமா.

கம்பெனி மேனேஜர் போனில் தாம்தூம் என்று குதித்தார். புதுக் கயிறு வந்து சேர எட்டு நாள் ஆயிற்று. எட்டு நாளும் காலையில் ஏழு மாடி படியேறிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலைக்குப் போனார். யாராவது உடைத்துவிட்டு ஓட்டிவிடுவார்களோ என்ற பயம். அதற்குப் பரிசாக அவரை ஊர்க்கோடியில் இருந்த கிளைக்கு மாற்றினார்கள். பேசாமல் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனார்.

இப்படிப்பட்டவரிடம் நான் மாட்டினேன், அல்லது அவர் என்னிடம் மாட்டினார். அப்போது எனக்குக் கல்யாணமாகி மூன்று வாரம். மாமாவுக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது என் காதுக்கு வரவில்லை. என் கணவர் ஒரு கிரீன் டீ பாக்கெட்டை அடுப்பு மேடையில் வைத்து, “அப்பாவுக்கு இனிமே இதுதான்” என்று ஒரு வரி சொல்லிவிட்டு வேலைக்கு ஓடிவிட்டார். எப்படிப் போடுவது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் அம்மா வீட்டில் டீ என்றால் பால் பொங்கும், தூள் விழும், சர்க்கரை கரையும். பச்சையாக இருந்தால் என்ன, டீ டீதானே என்று நினைத்தேன். இலையைப் பாலில் போட்டுக் கொதிக்கவிட்டு, சர்க்கரை சேர்த்து, ஆற்றி, நுரை தெரியக் கொண்டுபோய் நீட்டினேன்.

அன்றைக்குப் பார்த்து என் நாத்தனார் வந்திருந்தாள். கணவரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுவேன். வாய்த்துடுக்கு ஜாஸ்தி. டம்ளரை எட்டிப் பார்த்தாள். அதில் இருந்தது பாசி பிடித்த தொட்டித் தண்ணீர் நிறம்.

“கிரீன் டீயில பாலா? ஐயோ! ஏன், உங்க வீட்டுல இதையெல்லாம் கண்ணாலகூடப் பாத்ததில்லையா?” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

எனக்குக் காது சுட்டது. என்னைச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, என் வீட்டைச் சொல்லிவிட்டாள். என் மாமியார் பாவப்பட்டு டம்ளரை வாங்கி ஊற்றிவிடப் போனார். மாமா கையை நீட்டித் தடுத்தார்.

“எங்க கொண்டு போற? குடு இப்படி.” வாங்கினார், நின்ற நிலையில் முழுசாகக் குடித்தார். “எனக்கு இப்படித்தான் வேணும். தினமும் இதே மாதிரி போடும்மா” என்றார். அண்ணியின் சிரிப்பு கப்பென்று நின்றது.

ஒரு மாதம் கழித்துத்தான் எனக்கு விவரம் தெரிந்தது. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். கண்ணாடியைத் தேய்த்து ஃபிரேமில் உட்காரவைக்கிற வேலை. அங்கே ஒருத்தி வெந்நீரில் இரண்டு கிரீன் டீ இலையைப் போட்டு அப்படியே குடித்தாள். எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. மறுநாளே மாமாவுக்குப் பால் இல்லாமல் கொடுத்தேன்.

“பால் எங்க?”

“இதுல ஊத்தக் கூடாதாம் மாமா.”

“எவன் சொன்னான்? அவனா குடிக்கறான், நான்தானே?” என்று டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்.

பிறகு சர்க்கரை விஷயமும் தெரிந்து, அதைக் குறைத்துப் பார்த்தேன். பாலில் கொதித்த பச்சை இலை சர்க்கரை இல்லாமல் தொண்டையில் இறங்குமா? பேசாமல் எழுந்து வந்து அவரே அள்ளிப் போட்டுக்கொண்டார். நானும் விட்டுவிட்டேன். ஆளுக்கு ஒரு ருசி என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது என் தப்பு.

போன மாதம் டாக்டரிடம் மாமாவோடு நானும் போனேன். ரிப்போர்ட்டைப் பார்த்து அவர் முகம் சுளித்தார். மாத்திரையைக் கூட்டியும் சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது, கண்ணிலும் லேசாகப் பாதிப்பு தெரிகிறது என்றார்.

“டீ, காபி குடிக்கிறீங்களா?”

“கிரீன் டீதான் சார். ரெண்டு வேளை” என்றார் மாமா. சத்தியமான வார்த்தை.

“டாக்டர், அதுல பால் ஊத்தி, ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் குடுக்கறேன். ஆறு வருஷமா” என்றேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். உடனே நிறுத்தவில்லை என்றால் அடுத்து ஊசிதான், கண்ணுக்கும் உத்தரவாதம் இல்லை என்று கறாராகச் சொன்னார்.

மறுநாள் வெறும் கிரீன் டீ வைத்தேன். மாமா அடுப்படிக்கு வந்து பாலை ஊற்றிக்கொண்டார். அதற்கடுத்த நாளும் அதே கூத்து. நான் மாமியாரைப் பிடித்து உலுக்கினேன்.

“அத்தை, அவருக்கு அது அவ்வளவு பிடிக்குமா?”

“பிடிக்கறதாவது! குடிச்சு முடிச்சதும் ஓடிப்போய் வாய் கொப்பளிப்பாரு, நீ பாத்ததில்ல. அவரு நிறுத்தினா, ‘அப்பவே சொன்னேன்ல’ன்னு உன் நாத்தனார் ஆரம்பிப்பா. அதுக்குத்தான் இவ்வளவும்.”

எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. கல்யாணமாகி மூன்று வாரமே ஆன பெண்ணுக்காகப் போட்ட பூட்டு அது. எனக்கு இன்றைக்கு முப்பத்திரண்டு வயது. கடையில் எனக்குக் கீழே நாலு பேர். பவர் தப்பு என்று சண்டைக்கு வருகிறவர்களை நின்று சமாளிக்கிறேன். என் மானத்தை நான் பார்த்துக்கொள்ள மாட்டேனா? அதற்கு அவர் கண்ணைக் கொடுக்க வேண்டுமா? இதற்கு ஒரு முடிவு கட்டாமல் விடுவதில்லை என்று நானே நாத்தனாருக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை உங்க வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வாங்க என்றேன்.

வந்தார்கள். எல்லோருக்கும் பால் டீ கொடுத்தேன். மாமா முன்னால் வெறும் கிரீன் டீயை வைத்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டேன்.

“அண்ணி, இந்த வீட்டுல நான் மொதல்ல போட்ட டீ ஞாபகம் இருக்கா?”

மாமா நிமிர்ந்தார். “இப்ப எதுக்கும்மா அது?”

“இருங்க மாமா.” ஒன்று விடாமல் சொன்னேன். பால் பொங்கியது, நுரை வர ஆற்றியது, அதை ஏதோ அமிர்தம் மாதிரி நீட்டியது. “எங்க வீட்டுல நிஜமாவே யாரும் கிரீன் டீயைக் கண்ணால பாத்ததில்ல அண்ணி. எங்கம்மா பாத்திருந்தா ஏதோ பச்சிலைன்னு அரைச்சு நெத்தியில பத்துப் போட்டிருப்பாங்க. மாமா அன்னைக்குச் சொன்னது பச்சைப் பொய். எனக்காகச் சொன்னாரு.”

“அப்பவே சொன்னேன்ல!” என்று அண்ணி துள்ளினாள். அவள் கணவருக்குப் புரையேறியது. மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். எல்லோரையும்விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன்.

மாமா மட்டும் சிரிக்கவில்லை. மகளைப் பார்க்கவில்லை, டம்ளரைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்காவது வலிக்கிறதா என்று தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. நல்லா பாருங்க மாமா என்று நானும் முகத்தைத் திருப்பாமல் நின்றேன்.

அப்புறம் டம்ளரை எடுத்தார். ஒரே மூச்சில் குடித்தார். முகம் கோணிக்கொண்டு போயிற்று.

“இதுவும் நல்லா இல்லையேம்மா.”

“நல்லாதான் இருக்காது மாமா.”

“சரி, நாளைக்கும் இதையே போடு” என்று காலி டம்ளரை என் கையில் கொடுத்தார்.